முதல் மோட்டார் சைக்கிள்: கிறவல் வீதிக்கும் மணற்பாதைக்கும் எதை எடுப்பது?

செய்தி சேகரிப்பதற்காக முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் போகும்போதெல்லாம் என்னுடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “அக்கா, பழகுறதுக்கு எது நல்லது?”

கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகை, பத்தொன்பது இருபது வயதுப் பெடியன்கள். அவர்களுக்கு ‘ட்ரயல் பைக்’ வேண்டும். காட்டுப்பாதை, குளக்கட்டு, உயர்ந்த மட்கார்ட், பெரிய சத்தம். மற்ற வகை, முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்கள். பலர் குடும்பத்தைத் தனியாக இழுப்பவர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், கிளினிக் போக வேண்டும், பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் என்று இருக்கும் ஊரில், மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க ஒரு நாள் கூலி போய்விடும்.

இந்த இரண்டு பேருக்கும் கடையில் ஒரே பதிலைச் சொல்லி ஒரே லீசிங்கில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெடியன்களின் ஆசையைப் பார்ப்போம். நாங்கள் ‘ட்ரயல்’ என்று ஒரே சொல்லால் அழைப்பது உண்மையில் இரண்டு வேறு வண்டிகள். ஒன்று, தடங்களில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ‘ட்ரெயில்’ வகை. இலங்கையில் ஓடும் ஹொண்டா எக்ஸ்.ஆர். 250 பாஹா, யமஹா சேரோ, சுசுகி ஜெபல் எல்லாம் இந்த வகைதான். மற்றது ‘ட்ரயல்ஸ்’ என்ற விளையாட்டுக்குரிய வண்டி. இதில் வேகத்துக்கு இடமே இல்லை. பாறை, ஓடை, மரவேர் நிறைந்த ஒரு சிறிய பாதையைக் காலை நிலத்தில் ஊன்றாமல் கடக்க வேண்டும். கால் ஒருதரம் பட்டால் ஒரு தண்டப் புள்ளி, விழுந்தால் ஐந்து. ஸ்கொட்லாந்தில் ஆறு நாட்கள் நடக்கும் போட்டி 1909இல் தொடங்கியது. ஸ்பெயின் நாட்டு ரோனி போ 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலகப் பட்டத்தைத் தன்னிடமே வைத்திருந்தார். அந்த வண்டியில் இருக்கை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஓடுபவர் நின்றபடியேதான் ஓடுவார். எடை 70 கிலோ அளவு. தாங்கியில் இரண்டு மூன்று லீற்றர் பெற்றோல்தான் கொள்ளும். பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் சாமான் அல்ல அது.

ஆனால், அந்த விளையாட்டில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனை எங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். சம்பியன் ஓடும் வண்டியைத் தொடக்கத்தில் எடுக்காதே என்பார்கள். சிறுவர்களுக்கு 125 சி.சி., வளர்ந்தவர்களுக்கு மிருதுவாக இழுக்கும் 250 சி.சி. போதும், 300 வேண்டாம் என்பார்கள். திருகியவுடன் பாயாத என்ஜின், உன் உடம்பால் நிமிர்த்தக்கூடிய எடை, கைக்கெட்டிய தூரத்தில் உதிரிப்பாகம், இவற்றைத்தான் பார்க்கச் சொல்வார்கள். பழகுகிறவர் விழுவார் என்ற நினைப்பிலேயே வண்டியைத் தேர்வு செய்கிறார்கள்.

எங்கள் ஊரில் அந்த நினைப்பு இல்லை. இருக்கையின் உயரத்தை யாரும் கேட்பதில்லை. எக்ஸ்.ஆர். 250இன் இருக்கை நிலத்திலிருந்து ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர். ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ள ஒருவருக்கு அதில் இரு பாதமும் நிலத்தில் படாது. தார் வீதியில் ஒற்றைக் கால் நுனி போதும். மணலில் போதாது, நுனிக்கால் புதைந்து வண்டி சாயும். 130 கிலோ ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் காலால் தடுக்க முடியாது, தடுத்தால் முழங்கால் போகும். அதே ஜப்பானியத் தயாரிப்பான சேரோ 225இன் இருக்கை 81 சென்ரிமீற்றர், எடையும் குறைவு. ட்ரெயில் வகைதான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். இருந்தும், இவையெல்லாம் பழைய ஜப்பான் வண்டிகள். ஒரு கிளச் பிளேட் தேவைப்பட்டால் கொழும்புக்குச் சொல்லியனுப்பிக் காத்திருக்க வேண்டும். அத்துடன் 2022ஐ மறந்துவிடக்கூடாது. கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் போகும் 100 சி.சி. வண்டி வைத்திருந்தவர் அந்த 4 லீற்றரில் 240 கிலோமீற்றர் ஓடினார். 250 சி.சி. வைத்திருந்தவர் அதில் பாதிதான் ஓடியிருப்பார்.

பெற்றோல் பற்றிப் பேசினால் எங்களில் மூத்தவர்கள் சிரிப்பார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. ஸ்ராட் செய்ய மட்டும் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், பின்னால் வெள்ளைப் புகை. அதற்கு ஈடுகொடுத்தவை எளிமையான காப்பிரேற்றர் என்ஜின்கள். அந்தக் கைப்பழக்கம் எங்கள் மெக்கானிக்மாரிடம் இன்னும் இருக்கிறது. புதிய வண்டிகளில் வரும் எரிபொருள் உட்செலுத்தும் முறை சிக்கனமானது, நல்லது. ஆனால் அதற்கு உயிர் பற்றரியில் இருக்கிறது, பழுது வந்தால் கணினிக் கருவி வேண்டும். உங்கள் ஊரிலிருந்து ரவுணுக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதை வைத்து இதை முடிவு செய்யுங்கள்.

ஸ்கூட்டியா, மோட்டார் சைக்கிளா?

பெண்கள் என்றால் ஸ்கூட்டி என்பது எப்படியோ விதியாகிவிட்டது. இது விற்பவர்கள் செய்த விதி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே பெண்கள் கியர் வண்டி ஓடவில்லையா? சேலை கட்டும் ஆசிரியைக்கும், பிள்ளையை முன்னால் நிறுத்த வேண்டியவருக்கும் ஸ்கூட்டி வசதிதான். மறுக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வீட்டிலிருந்து தார் வீதி எவ்வளவு தூரம் என்பதுதான்.

காரணம் சில்லு. ஸ்கூட்டி பெப்பின் சில்லு 10 அங்குலம். சாதாரண 100 சி.சி. மோட்டார் சைக்கிளின் சில்லு 17 அல்லது 18 அங்குலம். பெரிய சில்லு ஒரு குழியின் மேலால் உருண்டு போகும். சிறிய சில்லு அதே குழிக்குள் இறங்கி விளிம்பில் முட்டும். மாரி முடிந்து தை மாதத்தில் உள்வீதிகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூடவே இன்னொன்று: கியர் வண்டியில் பாரக் கியரில் இறங்கினால் என்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். ஸ்கூட்டியில் அந்தப் பிடி மிகக் குறைவு, முழுவதும் பிறேக்கை நம்ப வேண்டும். உருளும் கிறவலில் முன் பிறேக்கை இறுக்கினால் முன்சில்லு வழுக்கும்.

வீட்டுவாசலில் கார்ப்பெட் வீதி என்றால் ஸ்கூட்டி எடுங்கள். இரண்டு மூன்று கிலோமீற்றர் கிறவலோ மணலோ கடக்க வேண்டுமென்றால் பஜாஜ் சி.ரி. 100, ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற எளிய வண்டி. இவை அழகில்லை என்று பெடியன்கள் முகம் சுளிப்பார்கள். கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜ்காரர் சொல்வார்: “தங்கச்சி, வடிவான சைக்கிள்தான் என்ர கராஜில கனநாள் நிக்கிறது.”

அனுமதிப்பத்திரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 100 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. பெயரில் ‘100’ இருந்தால் போதும் என்று நினைக்கக்கூடாது. சி.ரி. 100இன் பழைய மாதிரி 99.27 சி.சி.; பின்னர் வந்த மாதிரியொன்று 102 சி.சி. ஸ்கூட்டி பெப் ஏ1இற்குள் அடங்கும், டியோ அடங்காது. ஏ1 மட்டும் வைத்துக்கொண்டு 102 சி.சி. ஓடுபவர் விபத்தில் சிக்கினால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான். பழகத் தொடங்கும்போதே ஏ வகுப்புக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தத் தலையிடி இல்லை.

காயப்பட்ட உடம்புக்கு

இதை விற்பனை நிலையத்தில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

கியர் வண்டியில் இடது கால் கியரை மாற்றும், வலது கால் பின் பிறேக்கை மிதிக்கும். இடது கை கிளச், வலது கை முன் பிறேக்கும் வேகமும். எந்த உறுப்பில் காயம் என்பதைப் பொறுத்து வண்டி மாறுகிறது.

முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லாமல் செயற்கைக் கால் பொருத்தியவர்கள் பலர் கியர் வண்டி ஓடுகிறார்கள். அவர்களுக்குக் கடினம், பெருவிரல் பக்கத்தால் கியரை மேலே தூக்குவது. செயற்கைப் பாதம் மிதிக்கும், தானாக மேலே எழும்பாது. ஸ்ப்ளெண்டர் போன்ற இந்திய வண்டிகளில் கியர் மிதி இரண்டு முனை கொண்டது. முன்முனையை மிதித்தால் கியர் ஏறும், பின்முனையைக் குதியால் மிதித்தால் இறங்கும். எதையும் தூக்கத் தேவையில்லை. ‘ஸ்போர்ட்ஸ்’ வகைகளிலும் ட்ரெயில் வகைகளிலும் இந்த இரட்டை மிதி கிடையாது. முன்முனை மட்டும்தான், தூக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன் குனிந்து அந்த மிதியைப் பாருங்கள்.

வலது கால் பாதிக்கப்பட்டவருக்குப் பிரச்சினை பின் பிறேக். கால் எங்கே அழுத்துகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பது செயற்கைக் காலில் உணரப்படாது. இவர்களுக்கு இரண்டு பிறேக்கும் கையில் இருக்கும் ஸ்கூட்டிதான் பாதுகாப்பானது, வீதி மோசமாக இருந்தாலும் மெதுவாகப் போய்க்கொள்ளலாம். முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்கள் பக்கச் சில்லு பூட்டிய ஸ்கூட்டியைப் பயன்படுத்துகிறார்கள். பக்கச் சில்லு பூட்டிய வண்டி வளைவில் சாயாது. அதை ஓட்டுவது தனிப் பழக்கம். இரண்டு சில்லு வண்டி ஓடத் தெரிந்தவர்கூட அதில் புதியவர்தான்.

இடது கையில் விரல்கள் போனவருக்குக் கிளச் பிடிப்பது சிரமம். ஸ்கூட்டி ஒரு வழி. இன்னொரு வழி, கைக்கிளச் இல்லாமல் காலால் மட்டும் கியர் மாற்றும் பழைய ஹொண்டா வகை. சாலி அப்படி. எங்கள் ஊர் எம்.டி. 90 அப்படி. ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்யப்பட்ட அந்தச் சிறிய வண்டி வன்னிப் பாதைகளில் எவ்வளவு உழைத்தது என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

உடம்புக்குள் இன்னும் சன்னமோ செல் துண்டோ இருப்பவர்கள், தலையில் காயப்பட்டு வலிப்பு வருபவர்கள், ஒரு காது கேளாதவர்கள் மருத்துவச் சான்றிதழ் எடுக்கும்போது அதை மறைக்க வேண்டாம். வலிப்பு உள்ளவர் ஓடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மற்ற இரண்டும் வைத்தியருடன் பேச வேண்டிய விடயங்கள். காது கேளாத பக்கத்துக்குக் கண்ணாடி கட்டாயம்; பலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடுகிறார்கள்.

புத்தகம் யாருடைய பெயரில்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய மோட்டார் சைக்கிளின் விலை எங்கேயோ போனது. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும் புதியது எங்களில் பலருக்கு எட்டாத விலைதான். ஆகவே முதல் வண்டி பெரும்பாலும் பழையதாக இருக்கும். பழையது வாங்கும்போது என்ஜினைப் பார்ப்பதற்கு முன் புத்தகத்தைப் பாருங்கள்.

விற்பவர் பதிவு உரிமையாளராக இருக்க வேண்டும். ‘ஓப்பின் பேப்பர்’, அதாவது முன்னைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவம், மூன்று நான்கு கை மாறி வருகிறது. கையெழுத்து வைத்தவர் இன்று கனடாவில் இருக்கலாம், உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். மற்றவர்களுக்கு இது வெறும் அலைச்சல். எங்களுக்கு அப்படியல்ல. வீதிச் சோதனையில் இன்னொருவரின் பெயரிலுள்ள புத்தகத்தோடு நிற்பது என்னவென்று இங்குள்ள எவருக்கும் விளக்கத் தேவையில்லை. எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 ஆகிய இரண்டு படிவங்களையும் விற்பவரோடு சேர்ந்திருந்து நிரப்புங்கள். அவருடைய அடையாள அட்டைப் பிரதியை வாங்குங்கள். சேஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் உங்கள் கண்ணால் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கம் பொறித்த இடத்தில் அரம் போட்ட அடையாளம் இருந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 2006இற்குப் பிறகு காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் வீட்டில் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்திருக்கிறேன். சாக்கு மூடி, சில்லு இரண்டும் காற்றிறங்கி, சமையலறைச் சுவரோடு நிற்கிறது. மனைவியால் அதை ஓடவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. வாங்க வருபவர்கள் கணவரின் கையெழுத்தை அவரையே வைத்துத்தரச் சொல்கிறார்கள், அல்லது மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஏன் என்று கேட்கும் தேவை எனக்கு இருக்கவில்லை.

இப்படி இருப்பவர்களுக்கு: 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் கீழ், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைக்கான சான்றிதழைப் பெறலாம். இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. சொத்துகளைத் தற்காலிகமாக நிர்வகிக்க அதைக் காட்டலாம். அந்தச் சான்றிதழையும் எடுக்க மாட்டோம் என்று சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள், அது அவர்களுடைய முடிவு. எடுத்தவர்கள், வாகனப் புத்தகத்தோடு அதையும் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்ப்பதிலை ஏற்க வேண்டாம். வாங்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அவர்களிடம் கள்ளக் கையெழுத்துக் கேட்காதீர்கள்.

லீசிங்கில் எடுத்த வண்டியென்றால் புத்தகத்தில் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருக்கும். அந்தப் பெயர் நீக்கப்படாமல் வண்டி உங்களுடையதாகாது. விற்றவர் மூன்று தவணை கட்டாமல் விட்டால் உங்கள் வாசலில் வந்துதான் தூக்குவார்கள். நீங்களே லீசிங் எடுக்கிறீர்கள் என்றால், மாதத் தவணையை மட்டும் கேட்காமல் தவணையை மாதங்களால் பெருக்கி மொத்தத்தைக் கேளுங்கள், ஆவணம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். நுண்கடன் கட்டுவதற்காக மோட்டார் சைக்கிளை அடகு வைத்தவர்களையும், மோட்டார் சைக்கிளுக்காக நுண்கடன் எடுத்தவர்களையும் ஒரே கிராமத்தில் சந்தித்திருக்கிறேன்.

என்ஜின் சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதே மேல். நீங்கள் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஸ்ராட் வராத வண்டியை முன்கூட்டியே ஓட வைத்திருக்கிறார்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, பெரிய செலவு. முன் போர்க் குழாயில் ஒயில் கசிவு, ஸ்பொக்கட் பல் கொக்கிபோல் வளைந்திருப்பது, சேஸியில் புதிய ஒட்டு, இவை மூன்றையும் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை விளக்குக் கூட்டுக்குள் படிந்த சேறு காட்டிக்கொடுக்கும்.

வாங்கிய பிறகு எங்கே பழகுவது? வெறும் மைதானம் ஒன்றில். முதல் வாரம் வேகம் வேண்டாம், நடக்கும் வேகத்தில் எட்டுப் போடுங்கள். ட்ரயல்ஸ் விளையாட்டுக்காரர் செய்வதும் அதுதான். மெதுவாக ஓடத் தெரிந்தவருக்கு மணல் பயமில்லை. பூநகரி, வடமராட்சி கிழக்கு மணலில் கைபிடியை இறுக்கிப் பிடித்தால் விழுவீர்கள். கொஞ்சம் பின்னால் சாய்ந்து, தூரத்தைப் பார்த்து, வேகத்தை ஒரே சீராக வைத்தால் முன்சில்லு ஆடினாலும் நேராகும். முன் பிறேக்கைத் தொடாதீர்கள். இரவில் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வீதிகளில் மாடு படுத்திருக்கும், யானையும் கடக்கும். விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகம்தான் உங்கள் வேகம்.

‘ஓஃப் ரோட்’ ஆசையுள்ள பெடியன்களுக்கு ஒரு வார்த்தை. தெற்கிலிருந்து வரும் வீடியோக்களில் காட்டுக்குள் எங்கும் திருப்பி ஓடுகிறார்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகையோ, சிவப்பு நிறம் பூசிய கட்டையோ கண்டால் வந்த தடத்திலேயே திரும்பி வாருங்கள். தடம் இல்லாத இடத்துக்கு, பலகை இல்லாவிட்டாலும், ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

பிள்ளையை ஏற்றுவதென்றால் பிள்ளையின் அளவுக்கே ஒரு தலைக்கவசம் வாங்குங்கள். பெரியவருடையதைப் போட்டுவிட்டால் அது விழும்போது கழன்று போகும். வார் பூட்டிய பின் நாடிக்குக் கீழே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது விரல் நுழையக்கூடாது.